காலி ரோட்டில் 60 என்று காட்டும் பலகை: யாருக்காக, எதற்காக?

தினப்பயணி (கேள்வி)

வணக்கம். வேலைக்காகத் தினமும் போக 70, வர 70 கிலோமீட்டர் ஒரே நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறேன். போக மூன்று தடம், வர மூன்று தடம், நடுவில் தடுப்புச் சுவர். வழக்கமான வேக வரம்பு 100. எட்டு மாதத்துக்கு முன்னால், ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒன்று என்று தலைக்கு மேலே மின்னணுப் பலகைகளை மாட்டினார்கள். பெரும்பாலான நேரம் அவை இருட்டாகவே இருக்கும். திடீரென்று ஒருநாள் சிவப்பு வட்டத்துக்குள் 80 எரியும், அடுத்ததில் 60 எரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை 6:40. மழை இல்லை, பனி இல்லை, நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. முதல் பலகையில் 80, அடுத்ததில் 60. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ரோடு சும்மாதான் கிடந்தது. ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. நான் மட்டும் 60-க்கு வந்தேன். பின்னால் வந்த வேன் ஹெட்லைட்டை நாலைந்து தடவை அடித்துக் காட்டிவிட்டு, ஹாரனை அழுத்தியபடியே என்னைத் தாண்டிப் போனது. ஓரத் தடத்துக்கு மாறினேன், அங்கேயும் பின்னால் ஒரு லாரி. உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்படியே 3 கிலோமீட்டர் போனேன். விபத்து இல்லை, நெரிசல் இல்லை, பழுதாகி நிற்கும் வண்டிகூட இல்லை. அதற்கு அடுத்த பலகையில் மறுபடி 100.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே சாலையில், நின்றுகொண்டிருந்த வாகன வரிசையின் கடைசியில் என் நண்பர் நின்றார். பின்னால் வந்தவர் பிரேக் போடவே இல்லை. நண்பர் பிழைத்துக்கொண்டார், இடது கை மட்டும் இன்றும் தோளுக்கு மேல் ஏறாது. அன்றைக்கு இந்தப் பலகைகள் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். அதனால்தான் இவற்றை நம்ப விரும்புகிறேன். செவ்வாய்க்கிழமை மாதிரி நாலு நாள் பார்த்தால் நம்பிக்கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

என் கேள்விகள்: இந்த எண்ணை யார் போடுகிறார்கள், ஆளா, இயந்திரமா? ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏன் 60? எல்லோரும் 100-ல் போகும்போது நான் மட்டும் 60-ல் போனால் ஆபத்து எனக்குத்தானே? உலகத்தில் எங்காவது இது உண்மையிலேயே பலன் கொடுத்திருக்கிறதா?

---

மூன்றாம் திரை

நான் இப்படி ஒரு கட்டுப்பாட்டு அறையில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் சாலை எங்கள் பொறுப்பில் உள்ளது இல்லை, அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே என்ன நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ‘ஒன்றுமில்லாத 3 கிலோமீட்டரை’ நான் வாரத்துக்குப் பத்துத் தடவையாவது திரையில் பார்க்கிறேன்.

யார் போடுகிறார்கள் என்பதற்கு முதலில் பதில். நெரிசலுக்கான எண்ணைப் பெரும்பாலும் கணினி போடுகிறது. தாருக்கு அடியில் ஒவ்வொரு தடத்திலும் கம்பிச் சுருள் பதித்திருப்பார்கள், இல்லையென்றால் கம்பத்தில் ரேடார் இருக்கும். எத்தனை வண்டி போகிறது, என்ன வேகம், ஒரு வண்டி அந்த இடத்தை எவ்வளவு நேரம் அடைத்துக்கொண்டிருக்கிறது, இந்த மூன்றும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் வேகம் சட்டென்று விழுந்தால், அதற்கு முந்தைய பலகையில் 60, அதற்கும் முந்தையதில் 80 என்று கணினி பின்னோக்கிப் படி கட்டும். விபத்து, ரோட்டில் விழுந்த சரக்கு, பழுதான வண்டி, வேலை செய்யும் ஆட்கள், இதற்கெல்லாம் எங்களைப் போன்றவர்கள்தான் கையால் போடுகிறோம்.

இப்போது உங்கள் 3 கிலோமீட்டர். என் மூன்றாவது திரையில் சாலை ஒரு படமாக ஓடும். குறுக்கே நேரம், மேலும் கீழுமாகத் தூரம். வண்டிகள் நன்றாகப் போனால் எல்லாம் பச்சை. காலை நெரிசல் தொடங்கும் நேரத்தில் அந்தப் பச்சையில் ஒரு சிவப்புக் கீற்று விழும், சாய்வாக. அது வண்டிகள் போகும் திசையில் நகராது. எதிர்த் திசையில், மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வருகிறவர்களை நோக்கி நகரும். யாரோ ஒருவர் தடம் மாறியிருப்பார், பின்னால் இருந்தவர் கொஞ்சம் பிரேக் போட்டிருப்பார், அவருக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்தியிருப்பார். பத்துப் பதினைந்து வண்டி தாண்டியதும் ஒருவர் முழுசாக நின்றுவிடுவார். முதலில் பிரேக் போட்டவர் அதற்குள் எங்கோ போயிருப்பார். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண் முன்னால் செய்தே காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போங்கள் என்றார்கள். குறுக்கே ஒரு தடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒரு நெரிசல் முளைத்து வட்டத்தில் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது. 2008-ல் அதை வெளியிட்டார்கள்.

அப்படி ஒரு அலை உங்களை நோக்கி வந்திருக்கலாம். 3 கிலோமீட்டரை 100-ல் கடக்க 1 நிமிடம் 48 நொடி, 60-ல் 3 நிமிடம். அந்த 72 நொடி தாமதத்தில், சின்ன அலையாக இருந்தால் அவிழ்ந்துபோகும். நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பலகை தன் வேலையைச் செய்த நாட்கள் எல்லாமே டிரைவர் கண்ணுக்கு இப்படித்தான் வெறும் ரோடாகத் தெரியும். இந்த வேலையில் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இதுதான். நடக்காத விபத்தை யாருக்கும் காட்ட முடியவில்லை.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பலகை தவறாகவும் எரிந்திருக்கலாம். நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஒரு இரவு, ஓரத்தில் விளக்குக் கம்பம் மாற்றும் ஆட்களுக்காக 60 போட்டிருந்தேன். அவர்கள் 1:20-க்கு வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. 3 மணிக்குக் கேமராவைத் திருப்பியபோதுதான் அங்கே ஆளே இல்லை என்று தெரிந்தது. ஒரு மணி 40 நிமிடம், ஆளில்லாத ரோட்டில் 60. அந்த நேரத்தில் போன ஒவ்வொருவருக்கும், பலகை சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அடுத்த தடவை உண்மையாகவே வரிசை நிற்கும்போது அவர்களில் ஒருவர் குறைக்காமல் போனால், அதில் என் பங்கும் உண்டு. அன்றிலிருந்து, கையால் போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலாரம் வைக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எண்ணைக் குறைப்பதில் எவ்வளவு அவசரம் காட்டுகிறோமோ, காரணம் போனதும் அதை ஏற்றுவதிலும் அதே அவசரம் வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு விடியற்காலையைச் சொல்கிறேன். மணி 5:10. எங்கள் சாலையில் ஏரியை ஒட்டி ஒரு தாழ்வான பகுதி இருக்கிறது. பார்வைத் தூரம் அளக்கும் கருவி 800 மீட்டரில் இருந்து 250-க்கு இறங்கியது, பிறகு 120. பலகை 80 ஆனது, 60 ஆனது, கடைசியில் 40. கேமராவில் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. அப்போது நடுத் தடத்தில் ஒரு சுருள், தன்மேல் ஒரு வண்டி இருப்பதாகச் சொன்னது. ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிடம் ஆகியும் அந்த வண்டி நகரவில்லை. மூடுபனிக்குள் நடு ரோட்டில் எதுவோ நிற்கிறது, எனக்குத் தெரியவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கும் தெரியாது. அந்தத் தடத்துக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி போட்டேன், ரோந்து வண்டிக்குச் சொன்னேன். அவர்கள் வந்து சேர 11 நிமிடம் ஆனது. அந்த 11 நிமிடமும் முந்தைய சுருள் காட்டும் வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 52. 47. 44. 58. 41. அப்புறம் ஒரு 96. நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். அந்த வண்டி பக்கத்துத் தடத்தில் இருந்திருக்கிறது, தாண்டிப் போய்விட்டது. ரோந்து ஆட்கள் போய்ப் பார்த்தபோது, பேட்டரி செத்துப்போய் ஒரு விளக்குகூட எரியாத சின்ன லாரி. டிரைவர் உள்ளேயே உட்கார்ந்து மறுபடி மறுபடி சாவியைத் திருகிக்கொண்டிருந்தாராம்.

41-ல் வந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் பலகையை நம்பினார் என்பது மட்டும் தெரியும்.

---

பதினாலு சக்கரம்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் 19 வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறேன்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று. முழு லோடு ஏற்றினால் என் வண்டி 40 டன்னைத் தொடும். ஏர் பிரேக்கில் மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியாகப் போய்ப் பின் சக்கரத்தைப் பிடிப்பதற்கே கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்திலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பலகையில் 80 தெரிந்த உடனே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவேன், முன்னால் 100 மீட்டராவது இடம் விடுவேன். அந்த இடத்தைப் பார்த்ததும் ஒரு கார் உள்ளே நுழையும். அதற்காக இன்னும் பின்வாங்குவேன், இன்னொரு கார் நுழையும். அது காலியிடம் இல்லை தம்பி, என் பிரேக் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் நுழைந்தால் என் பிரேக்கில் பாதியை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். பலகை இறங்கும்போது தடம் மாறாதீர்கள், உங்களைக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

பலகை நெரிசலுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். எனக்கு அதிகமாக உதவியது காற்று அடிக்கும் இடத்தில். லோடு இருக்கும்போது வண்டி அசையாது. கண்டெய்னர் காலியாக இருந்தால் அது ஒரு பெரிய தகரப் பெட்டி. பாலத்தின் மேல் பக்கவாட்டில் காற்று அடித்தால் பின்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங்கில் அது உடனே தெரியாது. ஒருநாள் பாலத்துக்கு முன்னால் 50 என்று போட்டு, கீழே பலத்த காற்று என்று எழுதியிருந்தார்கள். கீழே ரோட்டில் ஒரு இலைகூட அசையவில்லை. குறைத்துக்கொண்டுதான் ஏறினேன். நடுப் பாலத்தில் ஒரு அடி அடித்தது பாருங்கள், வண்டி முக்கால் தடம் தள்ளிப் போய்த் தடுப்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. 80-ல் போயிருந்தால் அன்றைக்கு நான் பாலத்தின் மேல் இருந்திருக்க மாட்டேன்.

காரணத்தையும் எண்ணோடு சேர்த்து எழுதுகிற பலகை வேண்டும். வெறும் 50 என்று இருந்திருந்தால் நானும் ஒருவேளை 60, 65-ல் ஏறியிருப்பேன். காற்று என்ற சொல்லைப் பார்த்துத்தான் குறைத்தேன்.

---

சாலைக் கணக்கு

போக்குவரத்துப் பொறியியல் படித்து, சாலைப் பாதுகாப்பு ஆய்வில் வேலை செய்கிறேன். கடைசிக் கேள்விக்கு, அதாவது பலன் கொடுத்திருக்கிறதா என்பதற்கு, என்னால் பதில் சொல்ல முடியும்.

இது புதிய யோசனை இல்லை. லண்டனைச் சுற்றும் எம்25 சாலையின் தென்மேற்குப் பகுதியில் 1995-ல் தொடங்கினார்கள். வழக்கமான 70 மைல் வரம்பு, போக்குவரத்து கூடக் கூட 60, 50, 40 என்று இறங்கும். அது நெரிசலுக்காக. வானிலைக்காகச் செய்தவை வேறு வகை. நெதர்லாந்தில் ப்ரெடா அருகே ஏ16 சாலையில் 1990-களின் தொடக்கத்தில் மூடுபனிக்காக வைத்தார்கள். வழக்கமான 100, பார்வைத் தூரம் குறைந்தால் 80, பிறகு 60. பனியில் சராசரி வேகம் மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் ஐ-80 சாலை எல்க் மலைப் பகுதியைத் தாண்டும் இடத்தில், பனிக்காற்றுக்காக 2009-ல் கொண்டுவந்தார்கள்.

டென்னசியில் நடந்ததை நான் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். 1990 டிசம்பர் 11 காலை, ஐ-75 சாலையில் கால்ஹவுன் ஊருக்கு அருகே, ஆற்றை ஒட்டிய தாழ்வில் திடீர் மூடுபனி. 99 வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பனி அளக்கும் கருவிகளும், வேகத்தைக் குறைக்கும் பலகைகளும் வைத்தார்கள். பனி மிகவும் அடர்ந்தால் நுழைவுப் பாதைகளையே மூடும் தடுப்புக் கதவுகளும் வந்தன. மூன்றாம் திரை எழுதிய ஏரிக்கரையும் இந்த ஆற்றங்கரையும் ஒரே மாதிரியானவை. தாழ்வும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் பனி சுவர் மாதிரி நிற்கும். வெயிலில் 100-ல் வருகிறவர் அடுத்த நொடி அதற்குள் இருப்பார்.

ஏன் குறைப்பது முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. சாலை வடிவமைப்பில் நாங்கள் பயன்படுத்தும் அளவு: டிரைவர் பார்த்துச் செயல்பட 2.5 நொடி, பிறகு சீரான பிரேக். 100-ல் வருபவர் நிற்க ஏறக்குறைய 185 மீட்டர் வேண்டும். 80-ல் 130. 60-ல் 85. இதைவிட என்னை அதிகம் பாதித்தது இன்னொரு எண். இருவரும் ஒரே இடத்தில் ஆபத்தைப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். 60-ல் வந்தவர் முழுசாக நின்றுவிட்ட அந்த 85-ஆவது மீட்டரில், 100-ல் வந்தவருடைய வேகம் இன்னும் 90-க்கு மேல். அவர் அப்போதுதான் பிரேக்கையே தொட்டிருப்பார். தினப்பயணியின் நண்பருக்குப் பின்னால் வந்தவர் பிரேக் போடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். காலை வைத்திருப்பார், பிரேக் பிடிப்பதற்குத் தூரம் மிச்சம் இருந்திருக்காது.

ஸ்வீடனின் யோரான் நில்சன் வகுத்த கணக்குப்படி, உயிரிழப்பு விபத்துகள் சராசரி வேகத்தின் நாலாவது அடுக்கை ஒட்டி மாறும். சராசரி வேகம் 5 சதவீதம் குறைந்தாலே உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். எல்லோரும் 60-க்கு வராவிட்டாலும், 100-ல் போனவர்கள் 92-க்கு வந்தாலே பலன் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

இது எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 2000 வண்டி போகலாம். அதற்கு மேல் வந்தால் நெரிசல் வந்தே தீரும், பலகையால் அதைக் கரைக்க முடியாது. அந்த நேரத்தில் அலை அவிழ்ந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வரிசையின் வாலில் மோதாமல் தடுப்பதுதான் அதிகபட்சப் பலன். 100-ல் இருந்து ஒரே பலகையில் 40-க்கு இறக்கினால் அந்தத் திடீர் பிரேக்கே விபத்தைக் கொண்டுவரும். இருபது இருபதாக இறங்க வேண்டும். சிவப்பு வட்டம் இல்லாமல், வெறும் ஆலோசனையாகக் காட்டப்படும் எண்ணை மிகச் சிலரே மதிக்கிறார்கள், பின்னால் கேமராவோ காவலோ இல்லாவிட்டால் இன்னும் குறைவு.

பின்லாந்தில் வானிலையைப் பார்த்து மாறும் வரம்புகளை ஆராய்ந்தபோது தெரிந்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. கொட்டும் பனி மாதிரி கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஆபத்தில் மக்கள் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள், பலகை கூட்டிக்கொடுப்பது கொஞ்சம்தான். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஐஸ் படலம் மாதிரி, பார்த்தால் புரியாத ஆபத்தில்தான் பலகையின் பலன் அதிகமாக இருந்தது. ஒன்றுமே தெரியவில்லையே, எதற்கு 60 என்று நமக்குத் தோன்றும் நேரம்தான் அந்த எண் அதிகமாகப் பயன்படும் நேரம். ஆனால் அதற்கு அந்த எண் உண்மையாக இருக்க வேண்டும், இதில் மூன்றாம் திரை சொன்ன ஒவ்வொரு சொல்லோடும் நான் உடன்படுகிறேன்.

---

தினப்பயணி

மூன்று பேருக்கும் நன்றி. நண்பரிடம் இதைப் படித்துக் காட்டினேன். 85 மீட்டர் கணக்கைக் கேட்டுவிட்டு, இடித்தவர்மேல் இத்தனை நாளாக இருந்த கோபம் கொஞ்சம் குறைகிறது என்றார். அவர் குற்றமே செய்யவில்லை என்று ஆகிவிடாது, ஆனால் கண்ணால் பார்த்த பிறகு அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது இப்போது புரிகிறது என்றார்.

இன்று மாலை திரும்பும்போது மறுபடி 80, 60. இந்தத் தடவை கீழே ‘முன்னே நெரிசல்’ என்று இருந்தது. குறைத்தேன். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வளைவு முடியும் இடத்தில் சிவப்பு விளக்குகள் மூன்று தடத்திலும் நின்றன. வளைவுக்கு இந்தப் பக்கம் இருந்து அதைப் பார்க்கவே முடியாது. நின்றபோது எனக்கும் முன் வண்டிக்கும் நடுவே பாதி மைதானம் அளவுக்கு இடம் இருந்தது.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்றும் பின்னால் ஒருவர் என் பம்பரை முட்டுகிற மாதிரிதான் வந்தார். மேடம், நீங்கள் அந்த வண்டிக்குள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

மூன்றாம் திரை

நான் வேலை முடிந்து, திரையில் பார்க்கும் எங்கள் சாலையில்தான் வீட்டுக்குப் போகிறேன், அதனால் செய்வதையே சொல்கிறேன்.

பலகையில் எண்ணைப் பார்த்ததும் பிரேக்கைத் தொட மாட்டேன். முதலில் கண்ணாடி. பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால், ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுப்பேன். வண்டி தன் போக்கில் வேகம் இழக்கும். 100-ல் இருந்து 80-க்கு வரப் பெரும்பாலும் அதுவே போதும். பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் மிதியை இரண்டு தடவை லேசாகத் தொடுவேன், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் பின்வாங்க நேரம் கிடைக்கும். பலகைகள் படியாக இறங்குவது இதற்காகத்தான். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள தூரம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம், பலகைக்கு நேர் கீழே போய் மிதிக்க வேண்டாம்.

மெதுவாகப் போகும் தடத்துக்கு முன்பே மாறிவிடுவேன். வேகத் தடத்தில் 60-ல் போய் மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பது என் வேலை இல்லை, அது உங்களைத்தான் ஆபத்தில் வைக்கும். ஓரத் தடத்தில் முன்னால் ஒரு லோடு வண்டி போனால் எனக்கு நிம்மதி. பதினாலு சக்கரம் அண்ணன் மாதிரி ஒருவர் முன்னால் போனால் அவருக்குப் பின்னால் நான்கு நொடி இடைவெளி விட்டுச் சேர்ந்துகொள்வேன். பெரிய வண்டி குறைப்பதைப் பின்னால் வருகிறவர்கள் காரை நம்புவதைவிட அதிகமாக நம்புகிறார்கள். ஆனால் அவருக்கு முன்னால் மட்டும் நுழைய மாட்டேன்.

அப்படியும் பின்னால் இருப்பவர் விலகவில்லை என்றால், முன்னால் இருக்கும் இடைவெளியை இன்னும் கூட்டுவேன். அவருக்கும் சேர்த்து நான் பிரேக் போட வேண்டியிருக்கும். எனக்கு முன்னால் 100 மீட்டர் இருந்தால் நான் மெதுவாக நிற்கலாம், அவரும் நிற்பார். 20 மீட்டர்தான் இருந்தால் என் திடீர் பிரேக்கில் இரண்டு பேரும் போவோம்.

வரிசையின் கடைசியில் நின்றுவிட்டால் நான்கு இண்டிகேட்டரையும் போடுவேன், கியரில் வைத்து, ஸ்டீயரிங்கை ஓரத்தைப் பார்த்து லேசாகத் திருப்பி வைத்துக்கொள்வேன், கண் கண்ணாடியிலேயே இருக்கும். முன்னால் ஒரு கார் நீளமாவது விட்டிருப்பதால், தேவைப்பட்டால் ஓரத்துக்கு ஒதுங்கிவிடலாம். எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்ற பிறகுதான் இண்டிகேட்டரை அணைப்பேன்.

செவ்வாய்க்கிழமை மாதிரி மறுபடி நடந்தால், எந்தப் பலகை, எந்தக் கிலோமீட்டர் கல், என்ன நேரம் என்று வண்டியை நிறுத்திய பிறகு குறித்து வைத்து, உங்கள் சாலையின் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எங்கள் அறைக்கு அப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வரும். சுருள் பழுதாகி ஒரே இடத்தில் காரணமில்லாமல் 60 காட்டிக்கொண்டிருந்ததை ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டுச் சொன்னார். நாலாவது நாள் தாரைத் தோண்டிப் பார்த்தோம், கம்பி அறுந்து கிடந்தது.